கேக்கறுத்தலும் பந்திவஞ்சனையும்

பிறந்தநாள், மணநாள் முதலிய மங்கல நாட்களிற் கேக்கு என்னும் இன்பண்டத்தை நடுவண் வைத்துக் கத்தியால் அறுத்து விருந்தினர்க்கு வழங்கும் வழக்கம், மேனாட்டினின்று வந்து இந்நாளில் தமிழர் இல்லங்களிற் பெரிதும் பரவியுள்ளது. இதனை அறவே கடிதல் வேண்டுமென்பார் ஒரு சாரார். இப்போது நிகழுமாறே போற்றுதல் வேண்டுமென்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் நோக்கற்பாலதனை நோக்கினாரல்லர். அறுக்கப்படும் பண்டம் யாண்டுப் பிறந்ததென்னும் வினாவாற் போந்த பயனில்லை. அறுத்தபின் அஃது யார் கையில், எவ்வளவினதாய், எந்நிலையிற் சென்று சேர்கின்றது என்பதே வினவற்பாலது.

மேனாட்டுப் பண்டமென்பது பற்றிக் கடிவார் கூற்றுப் பொருந்தாது. என்னை? மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்தினின்று கடல் கடந்து வந்தனவே. மிளகாயின்றிச் சமையல் நிகழும் இல்லம் இன்று காண்டல் அரிது. எந்நாட்டுப் பண்டமாயினும் அன்பொடு பகுத்தளிப்பின் விருந்தேயாம். தன்னாட்டுப் பண்டமாயினும் வஞ்சித்தளிப்பின் விருந்தாகாது.

இனி, உள்ளவாறே போற்றுவார் செய்கை ஆராயற்பாலது. கேக்கின்மேல் மெழுகுதிரிகளை நட்டுக் கொளுத்தி வாயால் ஊதி அணைக்கின்றனர். முதற்றுண்டத்தை விழாவுக்குரியார் தாமே உண்கின்றனர். அல்லது உற்றார் வாயில் ஊட்டி, அவ்விரல்களாலேயே அடுத்த துண்டத்தையும் எடுக்கின்றனர். சிலர் மேற்பூச்சை வழித்து முகத்தில் அப்பி நகைக்கின்றனர். நிழற்படம் எடுத்து முடிந்ததும் விழா முடிந்ததென்று எண்ணிக் கேக்கை அடுக்களைக்கு விடுக்கின்றனர். ஆண்டு அறுப்பார் கைபோனவாறு அறுக்க, சருக்கரைப் பூவமைந்த பெருந்துண்டம் செல்வர்க்கும் வேண்டியவர்க்கும், பூச்சின்றி உதிர்ந்த துணுக்கு ஏனையோர்க்கும் செல்கின்றன. பிந்தி வந்தார்க்கும், ஏவல் செய்வார்க்கும், அவர்தம் மக்கட்கும் வெறுந்தட்டே எஞ்சுகின்றது. ஒரே பந்தியில் இருந்தார்க்குள் வேற்றுமை காட்டிப் பரிமாறுதலைப் பந்திவஞ்சனை என்று பெயரிட்டுப் பழித்தனர் தமிழ் மக்கள். இலையிட்ட பந்தியிற் பழியாவது தட்டேந்தி நிற்குங் கூட்டத்திற் புகழாய்விடுமோ?

அற்றன்று, இது மேனாட்டார் முறை, ஆகலின் அவர் செய்யுமாறே செய்தல் வேண்டும் என்பாராயின், அவர் மேனாட்டார் முறையையும் முற்ற அறிந்திலர் என்க. பிரெஞ்சு நாட்டில் சனவரித் திங்கள் 6ஆம் நாளையொட்டி அரசர் கேக்கு எனப்படுவதொன்றை அறுப்பர். அதனுள் மறைத்து வைத்த சிறு பொருளைத் தன் துண்டத்திற் பெற்றவர் அன்றைக்கு அரசர். அறுப்பார் கள்ளம் புகாமைப்பொருட்டு, அவ்வீட்டில் மிக இளைய குழந்தையை மேசையின்கீழ் இருத்துவர். ஒரு துண்டத்தைக் காட்டி இஃது யார்க்கு என்று மேலிருப்பார் வினவ, அதனைக் காணாத குழந்தை ஒரு பெயர் சொல்லும். சொல்லப்பட்டார்க்கே அத்துண்டம் செல்லும். வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேற்றுமைக்கு ஈண்டு இடமில்லை. மேலும், வந்திருப்பார் தொகையினும் ஒரு கூறு மிகுத்து அறுத்து, அதனை ஏழையின் கூறெனப் பெயரிட்டு, எதிர்பாராது வாயிலில் வருவார்க்கு ஒதுக்கி வைத்தலும் அந்நாட்டுப் பழைய மரபாம். ஆங்கிலரோ மணவிழாவிற்கு வர இயலாத உற்றார்க்கும் சிறு பெட்டியில் ஒரு துண்டமிட்டு அஞ்சலில் விடுக்கும் வழக்கினர். கத்தியை மட்டும் மேனாட்டினின்று கொண்டு, பங்கீட்டைக் கடற்கு அப்பாலே விட்டு வந்தவர், மேனாட்டு வழக்கைப் பின்பற்றுவேம் என்றல் நகைப்பிற்கிடமாம்.

ஒரு துணுக்கு மிகின் என், குறையின் என்? இத்துணைச் சிறு பொருளில் நடுநிலை பேசுதல் வீண் என்பாரும் உளர். கணித நூல் வல்லார் இதனைச் சிறு பொருளென விடுத்தாரல்லர். இருவர்க்குப் பங்கிடுங்கால் ஒருவர் அறுக்க மற்றவர் முதற்கண் தெரிந்தெடுத்தல் என்பது தொன்றுதொட்ட முறை. எஞ்சியதே தமக்காமாகலின், அறுப்பார் கை தானே நடுநிலை எய்தும். இதனைப் பலர்க்கு விரித்துரைத்தல் எங்ஙனம் என்னும் ஆராய்ச்சியைப் போலந்து நாட்டுக் கணிதப் பேராசிரியர் ஸ்டைன்ஹாஸ் என்பார் 1948இல் வெளியிட்டார். பானாக், கினாஸ்டர் என்னும் இருவர் கண்ட வழி வருமாறு: ஒருவர் தம் கூறெனத் தகுமளவு அறுத்து வைக்க, அது மிகையெனக் கருதுவார் ஒவ்வொருவரும் முறையே அதனைக் குறைக்க, இறுதியிற் குறைத்தவரே அதனைக் கொள்ளல் வேண்டும். இவ்வாற்றால் தம் கூறு குறைந்ததென முறையிடுவார் வாய் அடைபடும். ஒரு கேக்கைப் பற்றி அறிஞர் பல்லாண்டு சிந்தித்திருப்ப, விருந்து அயர்வார் ஒரு நாழிகை சிந்தித்தல் வீணாமோ? பெரியோர் துணுக்குப் பெறினும் மறந்துபோவர். தன் தோழன் கையிற் பூவும் தன் கையில் உதிரலுங் கண்ட சிறு குழவி மறவாது. அதற்கு அவ்வீட்டார் அன்று கற்பித்த பாடம் நீயும் பிறரும் ஒப்பல்லீர் என்பதேயாம்.

சமமாக அறுத்தல் இயலாதென்பது மடியுடையார் கூற்று. 10 அங்குலக் குறுக்களவுடைய வட்டக் கேக்கை முக்கோணத் துண்டங்களாகப் பலர்க்கு அறுக்கின், முனை மெலிந்து உடையும். அதனை விடுத்து, விளிம்பினின்று 2 அங்குலம் உள்வாங்கி ஒரு வட்டங் கீறி, புறவளையத்தை 25 துண்டமாக்குக. மீண்டும் 2 அங்குலம் உள்வாங்கிக் கீறி, அவ்வளையத்தை 12 ஆக்குக. நடுவண் எஞ்சுஞ் சிறு வட்டத்தோடு 38 கூறாம். வளையங்களிற் பெற்ற ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் உடைய துண்டத்தோடு ஒப்பதாம். வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால், ஒவ்வொரு முறையும் துடைத்து அறுப்பின் பூச்சுச் சிதையாது. நடுவட்டஞ் சற்றே பெரிது. அது பிந்தி வந்தார்க்காகுக. தலையெண்ணாது கத்தி எடுப்பார்க்கன்றோ பற்றாக்குறை வருவது?

அளவு ஒத்தாலும் தூய்மை கெடின் அது விருந்தாகாது. எச்சில் என்பது தமிழர் இல்லங்களிற் குழவியும் அறிந்த சொல். ஊதிய காற்றோடு உமிழ்நீர்த் திவலைகள் மேற்பூச்சிற் படிதலால் நுண்ணுயிர்கள் பன்மடங்கு பெருகியிருத்தலை அமெரிக்க நாட்டுக் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஆராய்ந்து வெளியிட்டனர். ஊதுதல் குழந்தை மகிழ்ச்சி, அதனைத் தடுத்தல் கொடுமை என்பார், அக்குழந்தைக்கென ஒரு சிறு துண்டத்தில் திரி நட்டுக் கொடுப்பாராக. பொதுவில் உள்ளது விருந்தினர்க்குரியது. முகத்தில் அப்புதல் மகிழ்ச்சியென்பார்க்கு விடை ஒன்றே: உணவைச் சேறாக்கிய கையில் விருந்தோம்பல் தங்காது.

முட்டை சேர்த்த கேக்கைப் புலால் விலக்கியார்க்கு அறிவியாது அளித்தலோ வஞ்சனையுட் பெருவஞ்சனை. பொதிந்து விற்கும் உணவில் முட்டை கலந்ததனைப் புலாலுணவுக்குரிய குறியிட்டே விற்றல் வேண்டுமென்பது இந்திய நாட்டுச் சட்டம். விலைக்கு விற்பான் மறைத்தல் குற்றமாயின், அன்பின் அளிப்பான் மறைத்தல் எத்துணைக் குற்றம்! முட்டையில்லாத கேக்கு வேறு வைத்து, அதனை வேறு கத்தியால் அறுத்து, இன்னதென்று சொல்லிக் கொடுத்தல் கடன்.

விழாவுக்குரியார் முதலில் உண்ணுதல் அவர்க்குச் சிறப்பென்பார் எஞ்சினர். திருவள்ளுவர் இல்லறவியலில் விருந்தோம்பலுக்கு ஓரதிகாரம் வகுத்தது, விருந்து புறத்திருப்பத் தான் உண்ணுதல் சிறப்பென்று கூறற்கன்று. பந்தியில் இலையெல்லாம் நிரம்பிய பின்னன்றி ஒருவரும் உண்ணத் தொடங்காமை முறை. விருந்தளிப்போர் கடைப்பந்தியில் அமர்தலும் முறை. அம்முறை கேக்கினுக்கும் ஒக்கும். பிறந்தநாட் சிறுவன் தன் கையால் முதற்றுண்டத்தை வந்தாருள் மூத்தார்க்கும், இரண்டாவதனை அடுக்களையில் உழைப்பார்க்கும், பின்னர் ஏனையோர்க்கும் கொடுத்து முடித்துத் தான் இறுதியில் உண்பானாயின், அந்நாள் அவனுக்கு உண்மையிற் பிறந்தநாளாம். கத்தி பிடித்தவர் கடைசியில் உண்க, தலையெண்ணி அறுக்க, ஒரு கூறு மிகுத்து வைக்க. இம்மூன்றும் இயலாவெனின், கேக்கும் வேண்டா, கத்தியும் வேண்டா. ஒரு சீப்பு வாழைப்பழத்தை வந்தார்க்கெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பக் கொடுத்தல் ஆயிரமடங்கு மேலாம்.