கை எட்டுகிற இடம்

வீட்டு கராஜிலேயே விமானம் கட்டுகிறவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் தானே செய்ததாகக் காட்டினால், சோதனை வகை விமானமாக அங்கே பதிவு செய்துகொள்ளலாம். பார்க்க வருகிறவர்கள் இறக்கையைத் தடவிப் பார்ப்பார்கள், எஞ்சினை விசாரிப்பார்கள். என் மனம் போவது டேங்கிலிருந்து எஞ்சினுக்கு ஓடும் அந்த விரல் கனக் குழாயிடம்தான்.

பெரும்பாலும் 3/8 அங்குல அலுமினியக் குழாய். அறுத்த வாயில் பிசிறு இருக்கக் கூடாது. நட்டையும் சிலீவையும் முதலில் கோத்துவிட்டுத்தான் முனையை விரிக்க வேண்டும். விரிக்கும் கோணம் 37 டிகிரி. கார் பட்டறைக் கருவியோ 45 டிகிரிக்கு விரிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; திருகினால் இறுகக்கூடச் செய்யும். ஆனால் வட்டம் முழுக்க ஒட்டி உட்காராது. இந்த மூட்டுகளில் டெஃப்லான் டேப் சுற்றவும் கூடாது, ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அடைப்புதான். புகைபோக்கியை ஒட்டிக் குழாயைக் கொண்டுபோனால் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட, எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று திருப்பிவிடும் வால்வை எங்கே வைப்பது என்பதில் தவறிவிடலாம்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது, வேறொருவர் கட்டி, கைமாறி வந்த லாங்-ஈஸி ரக விமானம். அதை வடிவமைத்த பர்ட் ருட்டான் வால்வை விமானியின் கால்களுக்கு நடுவே வரைந்திருந்தார். கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். விமானி உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வரக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம். நியாயமான பயம், தீயை நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கைப்பிடியில் எது எந்த டேங்க் என்று எழுதவில்லை. உட்கார்ந்தபடி கை எட்டவும் இல்லை. புறப்படும் முன் ஒரு மெக்கானிக்கும் டென்வரும் இடுக்கியை மாட்டிக் கைப்பிடியை நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் எட்டவில்லை. ஒரு மணி நேரம்தான் பறப்பேன் என்று சொல்லி, பெட்ரோல் நிரப்பாமலே கிளம்பினார்.

விசாரணையில் அதே அமைப்பில் ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். கைப்பிடியைப் பிடிக்க உடம்பைத் திருப்பும்போது வலது கால் தானாக, விமானத்தைத் திருப்பும் ரடர் பெடலை அழுத்தியது. பெட்ரோல் நிரப்பாததையும் புதிய விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் அறிக்கை சொல்கிறது. வால்வு இருந்த இடத்தையும் சொல்கிறது.

ஆகவே குழாயை வளைக்கும் முன் சீட்டைப் பொருத்திவிடுங்கள் என்பேன். தோள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, ஓடுபாதையைப் பார்ப்பதுபோல் நேரே பார்த்தபடி, கை சிரமமில்லாமல் போகிற இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். வால்வு அங்கே. கைப்பிடியின் ஒவ்வொரு நிலைக்கும் பெயர் எழுத வேண்டும். குழாய் அதற்கேற்ப வளைந்து வரட்டும், இரண்டு அடி கூடினாலும் பரவாயில்லை. எல்லாம் பூட்டியபின் விமானத்தின் மூக்கை ஏறுமுகமாக உயர்த்தி, எஞ்சின் பக்கத்துக் குழாயைக் கழற்றி அளவுப் பாத்திரத்தில் விட்டுப் பார்ப்பார்கள். பம்ப் உள்ள விமானத்தில், மேலெழும்போது எஞ்சின் குடிப்பதைப் போல 125 சதவீதம் வர வேண்டும். இரண்டு டேங்குக்கும் தனித்தனியாக. டேங்கை மாற்றுகிற ஆள் அப்போதும் பெல்ட் போட்டு சீட்டில் உட்கார்ந்திருக்கட்டும்.