புகையிலைக்கும் ஒரு 'பாடம்' உண்டு



பாடம் என்றதும் நம் மாணவர்க்குப் புத்தகமே நினைவுக்கு வரும். தமிழில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பறித்த பச்சைப் புகையிலையை உலர்த்திப் பதப்படுத்துவதையும் 'பாடம் செய்தல்' என்பர். புகைப்பழக்கத்தின் தீமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், இந்தப் பாடத்தையும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

வகுப்பில் நாம் கூறுவன என்ன? நுரையீரல், புற்றுநோய், அபராதம். இவை தேவையே. சிங்கப்பூரில் 2021 முதல் 21 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்கக்கூடாது. தேக்காவில் வெற்றிலை பாக்கு வாங்கலாம். ஆனால் கைனி, ஜர்தா, குட்கா ஆகியவை 2016 ஆகஸ்டு முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. எனினும் தீமை புகைப்பவரின் வாயில் தொடங்குவதில்லை, வயலிலேயே தொடங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் குடிலுக்குள் இலைகளைத் தொங்கவிட்டுத் தேங்காய் மட்டைப் புகையூட்டுவது வழக்கம். சிகரெட்டுக்குரிய வர்ஜீனியா இலைக்கோ கடும் வெப்பம் வேண்டும். கர்நாடகத்தின் உன்சூர், பெரியபட்டணா வட்டாரங்களில் மூடிய கொட்டகைகளில் ஏறத்தாழ ஒரு வாரம் இரவும் பகலும் விறகெரித்து, வெப்பத்தை 35 பாகை செல்சியசிலிருந்து 70 பாகைவரை படிப்படியாக உயர்த்துவர். அவ்விறகு எங்கிருந்து வரும்? உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, புகையிலைத் தொழிலுக்காக ஆண்டுதோறும் 60 கோடி மரங்கள் அழிகின்றன.

மரங்களோடு மனிதரும் வாடுகின்றனர். ஈரமான இலையைத் தொட்டு வேலை செய்வோரின் தோல் வழியாக நிகோட்டின் உடலுக்குள் புகும். தலைசுற்றலும் வாந்தியும் வரும். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத பெண்ணுக்கும் சிறுவனுக்கும் இந்நோய் வரலாம்.

"இங்கே புகையிலை விளைவதில்லையே, நமக்கேன் இது?" என்று சிலர் கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரை எண்ணிப் பாருங்கள். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகுக்காக இத்தீவின் காடுகள் வெட்டப்பட்டன. சில ஆண்டுகளில் மண்ணும் சத்திழந்தது. தோட்டக்காரர்கள் ஜொகூருக்குப் பெயர்ந்தனர். தோலைப் பாடம் செய்யப் பயன்பட்ட அப்பொருளுக்காக நம் காடு சாம்பலாயிற்று.

ஆனால் உழவரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. முன்பணமும் விற்பனைக்கு வழியும் உள்ள பயிரை விட்டு, வாங்க ஆளில்லாத பயிருக்கு அவர் எப்படி மாறுவார்? 2004இல் சிங்கப்பூர் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் விதி, புகையிலையை நம்பி வாழ்வோர்க்கு மாற்று வாழ்வழியை ஊக்குவிக்கவேண்டும் என்கிறது. வெறும் தடை மட்டும் அவர் வீட்டு அடுப்பில் உலை வைக்காது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, உயர்நிலைத் தொடக்க வகுப்புகளில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். ஓர் இலை வயலிலிருந்து கடைவரை செல்லும் வழியை மாணவர்களே வரையட்டும். பெற்றோர்களே, வீட்டில் யாரேனும் புகைப்பவராயின் அவரையும் அப்படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். "உனக்குக் கெடுதி" என்பதைக் கேட்டுக் கேட்டுச் செவி மரத்துப்போன பிள்ளைக்கு, "இன்னொரு பிள்ளைக்கும் கெடுதி" என்பது புதிதாக உறைக்கும்.

உங்கள் எண்ணங்களையும் அறிய விழைகிறேன்.