கணவர் வரும் நாட்களில் மட்டும் மாத்திரை போட்டால் போதுமா?

“எனக்கு 27 வயது. குந்தா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். 4 வயதில் ஒரு பையன் இருக்கிறான். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார், சில சமயம் நான் கெத்தை வழி பஸ்ஸில் அவரிடம் போவேன். நர்ஸம்மா கொடுத்த மாலா-என் மாத்திரையை அவர் கூட இருக்கும் நாட்களில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். ‘மற்ற நாளில் எதற்கு வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்?’ என்கிறார் மாமியார். இந்த மாதம் 9 நாள் தள்ளிப்போய்விட்டது. மாத்திரை போட்டும் கர்ப்பம் ஆகுமா? ஆகியிருந்தால் குழந்தைக்குக் கெடுதல் வருமா?”
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குந்தா.

சகோதரி, விளக்கமெல்லாம் அப்புறம். முதலில் நாளைக் காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். பரிசோதனை அட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், நர்ஸம்மாவிடம் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார். 9 நாள் தள்ளியிருப்பதால் கர்ப்பம் இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இல்லை என்று வந்து, மாதவிலக்கும் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையை விட்டு விட்டுப் போட்டாலே மாதவிலக்கு முன்னே பின்னே ஆகும். அதனால் இப்போதே முடிவுகட்டிவிட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணவர் வரும் நாட்களில் மட்டும் போட்டால் இந்த மாத்திரை உங்களைக் காப்பாற்றாது. தலைவலி மாத்திரை மாதிரி தேவைப்படும்போது போடுவதல்ல இது. மாலா-என் அட்டையில் உள்ள 21 ஹார்மோன் மாத்திரைகள் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் சினைப்பை அடங்கிக் கிடக்கும், கருமுட்டை வெளியே வராது. அப்படி அடங்குவதற்கே தொடர்ந்து 7 நாள் ஆகும். நீங்கள் இரண்டு நாள் போட்டு நிறுத்தினால் அது பாட்டுக்கு முட்டையை வெளியே விட்டுவிடும். இன்னொரு விஷயம்: ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவர் பஸ் ஏறிவிட்டார், இனி கவலையில்லை என்று நினைக்கிறீர்களே, புதன், வியாழனில் முட்டை வந்தாலும் கரு தங்கலாம்.

கடைசியில் வேறு நிறத்தில் இருக்கும் 7 மாத்திரைகள் இரும்புச்சத்து. அவற்றைத் தூக்கிப் போடுகிற பெண்கள் நிறைய. கருத்தடைக்கு அவை தேவையில்லைதான், ஆனால் அவற்றையும் போட்டு வந்தால் நாள் கணக்கு தவறாது. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கிற உடம்புக்கு இரும்புச்சத்தும் வேண்டும்.

ஒரு நாளும் தவறாமல் ஒரு வருடம் போட்டால் 1000 பெண்களில் 3 பேருக்குத்தான் கர்ப்பமாகும். நடைமுறையில் மறதி, ஊருக்குப் போவது, அட்டை தீர்ந்துபோவது எல்லாம் சேரும்போது 100 பேரில் 7 பேருக்கு ஆகிவிடுகிறது. மாத்திரை அதேதான், போடுகிற விதம்தான் வேறு.

ஒரு நாள் மறந்தால், நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால், மாத்திரையைத் தொடர்ந்தபடியே 7 நாள் ஆணுறையும் வேண்டும். மூன்றாவது வாரத்தில் அப்படி விட்டுப்போயிருந்தால், ஹார்மோன் மாத்திரைகள் முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டையைத் தொடங்குங்கள்.

கெத்தை வழி என்றதும் எனக்கு அந்த 43 கொண்டை ஊசி வளைவுகள்தான் ஞாபகம் வந்தன. மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது போடாததற்குச் சமம், இன்னொன்று போட வேண்டும். பேசாமல் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், பஸ் தொல்லை இருக்காது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் இதன் பலனைக் குறைக்கும். சளி, காய்ச்சலுக்குக் கொடுக்கும் வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் குறைக்காது.

உடம்பு கெடும் என்ற மாமியாரின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ரத்த அழுத்தம், ரத்தக்கட்டு, கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். பிரஷர் பார்த்துவிட்டுத் தொடங்கினால் உங்கள் வயதில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது.

உங்கள் மலையில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1971-ல் நீலகிரியில் மூன்று தேயிலைத் தோட்டங்களில் உபாசி ஒரு திட்டம் தொடங்கியது. பெண் தொழிலாளி கருத்தரிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் பெயரில் 5 ரூபாய் சேரும், பிள்ளை பெறும் வயது தாண்டியதும் கையில் கிடைக்கும். உலகம் முழுக்கப் பேசப்பட்ட திட்டம் அது. எனக்கென்னவோ அதில் ஒரு உறுத்தல். கருத்தரிப்பதில் ஆணுக்கும் பங்குண்டு, கணக்குப் புத்தகம் மட்டும் பெண்ணுக்கு! இன்றைக்கும் அட்டையை ஞாபகம் வைப்பது நீங்கள், பயப்படுவதும் நீங்கள். அடுத்த முறை அவர் வரும்போது ஆணுறை அவர் பையில் இருக்கட்டும்.

அதே 1971-ல்தான் கருக்கலைப்புச் சட்டமும் வந்தது. 2021-ல் அதைத் திருத்தினார்கள். பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்து, இப்போது வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், கருத்தடை பலிக்காமல் போனது சட்டப்படி ஏற்கத்தக்க காரணம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும்தான் தேவை, கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. உங்கள் பெயரை வெளியே சொல்லவும் கூடாது. ஆனால் மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

குழந்தை வேண்டும் என்றால் இந்த மாத்திரையை உடனே நிறுத்திவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். தெரியாமல் போட்ட மாத்திரையால் குழந்தைக்கு ஊனம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தில் யாரும் கருவைக் கலைக்க வேண்டாம்.

கர்ப்பம் இல்லை என்றால், உங்கள் வாழ்க்கைக்குத் தினசரி மாத்திரை சரிப்படுமா என்று யோசியுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது. நிறுத்திய பிறகு கர்ப்பமாகச் சில மாதங்கள் பிடிக்கும், அடுத்த குழந்தையைச் சீக்கிரம் நினைத்திருந்தால் அது வேண்டாம். காப்பர்-டி போட்டுக்கொண்டால் வருடக்கணக்கில் கவலையில்லை. லக்னோ ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. எல்லாமே அரசின் திட்டத்தில் இலவசம். பஸ் இல்லாத நாளில் சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள்.