உடலில் இரும்பு, தோலில் காந்தம்

யுத்தம் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. வன்னியில் பலரின் உடலில் எறிகணைச் சிதறல்கள் இன்னமும் இருக்கின்றன. 2009இல் காயக்காரர்கள் வவுனியா வைத்தியசாலைக்கு அலையலையாகக் கொண்டுவரப்பட்டபோது உயிரைக் காப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. நரம்புக்கும் முள்ளந்தண்டுக்கும் பக்கத்தில் கிடக்கும் துண்டுகளை எடுக்கப்போனால் பாதிப்பு கூடும் என்பதால் அவை பொதுவாக அப்படியே விடப்படும். அவற்றோடு வலியும் தங்கிவிடும்.

அந்த வலிக்கு ஆண்டுக்கணக்காகக் குளிசை போடுபவர்கள் இருக்கிறார்கள். டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகள் தொடர்ந்து உள்ளே போனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் பதிவாகியிருக்கும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. ஆகவே வாய்வழி அல்லாமல் வலிக்கும் இடத்திலேயே தோல்வழி மருந்து கொடுப்பது இங்கே வெறும் வசதி சார்ந்த விடயம் அல்ல.

ஆனால் தோல் இலகுவில் வழிவிடாது. அதன் மேற்படை தலைமுடியின் தடிப்பைவிட மெல்லியது. இறந்த கலங்களும் கொழுப்பும் செங்கல்லும் சாந்தும்போல அடுக்கப்பட்ட சுவர் அது. சிறிய, கொழுப்பில் கரையக்கூடிய மூலக்கூறுகளே அதைத் தாண்டும். 1979இல் அமெரிக்காவில் முதலாவது மருந்துப் பிளாஸ்டர் அனுமதி பெற்றது. இத்தனை காலமாகியும் இம்முறையில் கொடுக்கக்கூடிய மருந்துகள் சொற்பமே.

காந்தம் இங்கேதான் வருகிறது. மரக்கச் செய்யும் லிடோகெயின் மருந்தை வைத்து மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் நரசிம்ம மூர்த்தி குழு நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. பன்றித் தோலில் காந்தப்புலத்தின் வலு கூடக்கூட உட்செல்லும் மருந்தும் கூடியது. காந்தம் பொருத்திய பிளாஸ்டரை எலிகளுக்கு ஒட்டியபோது, சாதாரண பிளாஸ்டரைவிட அதிக மருந்து தோலுக்குள் சேர்ந்தது. காந்தம் தோலில் துளை எதுவும் போடவில்லை. இத்தகைய மருந்து மூலக்கூறுகள் காந்தத்தால் மிக மெல்லிதாகத் தள்ளப்படுபவை. அந்தத் தள்ளல்தான் அவற்றைத் தோலை நோக்கி நகர்த்தியது.

நல்ல செய்திதான். ஆனால் அது பன்றித் தோலிலும் எலியிலும் கிடைத்த முடிவு. நமது ஊர்களில் கூட்டம் வைத்து விற்கப்படும் காந்தப் படுக்கைக்கும் காந்த வளையலுக்கும் இந்த ஆய்வு சான்றாகாது. அவற்றில் உட்செலுத்த மருந்தே கிடையாது. வெறும் காந்தம் வலியைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. வலியோடு இருப்பவரிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு அதை விற்பதை வியாபாரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட என்னால் முடியவில்லை.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் பிளாஸ்டர் ஒட்டப்படும் தோலுக்குக் கீழேயே இரும்புத் துண்டு இருந்தால்? சிறு காந்தத்தின் வலு சற்றுத் தள்ளியதுமே வேகமாகக் குறைந்துவிடும். ஆழத்தில் உள்ள துண்டை அது அசைக்கும் சாத்தியம் குறைவு. தோலுக்கு அருகில் உள்ளதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. செம்பும் ஈயமும் அலுமினியமும் காந்தத்துக்கு இழுபடாது, உருக்கு இழுபடும். தன் உடலில் இருப்பது எந்த உலோகம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் இந்த ஆபத்து ஏற்கெனவே உண்டு. அந்த இயந்திரத்தின் காந்தம் மிக வலுவானது. கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்தால் பார்வையே பறிபோகலாம். மருந்துப் பிளாஸ்டரும் இதற்கு விலக்கல்ல. சிலவற்றின் பின்புறத்தில் உலோகப் படலம் இருப்பதால் பரிசோதனையின்போது தோல் எரியக்கூடும் என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009 மார்ச்சில் எச்சரித்தது.

சிதறல் எங்கே, என்ன அளவில் இருக்கிறது என்பது ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் முதற்பக்கத்தில் எழுதப்பட வேண்டும். ஒரு எக்ஸ்றே படமும் வைத்தியரின் இரண்டு வரிகளும் போதும். அதுவரை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பப்படுபவர்கள், கேட்கும்வரை காத்திராமல், உடலில் செல் துண்டு இருப்பதையும் பிளாஸ்டர் ஒட்டியிருப்பதையும் தாமாகவே சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் காயப்பட்ட பிள்ளைகள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தம் உடலில் துண்டு இருப்பதே நினைவில் இராது. அதைத் தாய் தகப்பன்தான் சொல்ல வேண்டும்.