தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு: பிளாஸ்டிக் பூவைத் தடுக்குமா?

ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி நாகர்கோவில் சாலையில் வந்தால், காற்றாலைகளுக்கு அடுத்து தோவாளை. விடியறதுக்கு முன்னாடியே பூச்சந்தை களைகட்டிவிடும். ஓணம் வந்துட்டா கேரள வியாபாரிகள் கூட்டம் வேற. இந்த ஊரின் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் வெற்றிலைக்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது.

சரி, அதனால் மாலை கட்டுறவங்களுக்கு என்ன லாபம்? கல்யாண மண்டபங்களில் தொங்கும் பிளாஸ்டிக் பூக்களை இந்தக் குறியீடு தடுக்குமா?

மாணிக்க மாலையில் என்ன விசேஷம்?

வழக்கமான மாலை உருண்டையாக இருக்கும். மாணிக்க மாலை பாய் மாதிரி தட்டை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. பூவை அப்படியே கோர்ப்பதில்லை. ஒவ்வொன்றாக மடித்து, நாரில் வரிசை பிடித்துப் பின்னுகிறார்கள். மடிப்பு விழும் இடம் பட்டை தீட்டிய கல் போலத் தெரியும். திருவிதாங்கூர் மகாராஜா பார்த்துட்டு 'மாணிக்கம் மாதிரி இருக்கே' என்றாராம், அதில் வந்த பேர் என்பது ஊரில் சொல்லும் கதை. முழுக்கக் கைவேலை. வரிசை ஒன்று கோணினாலும் மொத்த மாலையும் கோணும். இவ்வளவு பாடுபட்டும், அதன் ஆயுள் ஓரிரு நாள்தான்.

பிளாஸ்டிக் எப்படி ஜெயிக்கிறது?

செயற்கைப் பூ ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம் சீனாவுக்கு. அலங்காரம் செய்பவர் ஒருமுறை வாங்கினால் பல கல்யாணங்களுக்கு ஓட்டிவிடலாம். முகூர்த்த நாளில் நிஜப் பூ விலை எகிறும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கும் கணக்கு இருக்கே!

குறியீடு எதைத் தடுக்கும்?

பேரை. அவ்வளவுதான். 1999-ம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, வேறு ஊரில் கட்டிய மாலையையோ பிளாஸ்டிக் மாலையையோ 'தோவாளை மாணிக்க மாலை' என்று விற்றால் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். ஆனால் பிளாஸ்டிக் பூ அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லையே! வெறும் 'டெக்கரேஷன் பூ' என்று வந்தால் இந்தச் சட்டத்தில் தடுக்க வழியில்லை.

அப்போ பிளாஸ்டிக் தடை?

2022 ஜூலை 1-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையில் ஸ்ட்ரா, கப், தட்டு எல்லாம் உண்டு. பிளாஸ்டிக் பூ இல்லை. பூ விவசாயிகள் அதிகம் உள்ள மகாராஷ்டிராவில் மட்டும், செயற்கைப் பூவுக்குத் தடை கொண்டுவரப்படும் என 2025 ஜூலையில் தோட்டக்கலை அமைச்சர் பரத் கோகாவலே சட்டப்பேரவையில் அறிவித்தார்.

தோவாளைக்கு வரும் சிக்கல் எல்லாமே இறக்குமதியால் வருவதும் அல்ல. அரளியில் நச்சுத்தன்மை உண்டு. அதைத் தின்றதால் இளம்பெண் ஒருவர் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததும், நைவேத்தியம், பிரசாதத்தில் அரளி வேண்டாம் என்று 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு முடிவெடுத்தது. பூஜைக்குத் தடையில்லைதான். ஆனாலும் மாணிக்க மாலைக்கு அரளிதான் உயிர். பெரிய சந்தை கேரளா.

அடுத்து என்ன?

குறியீடு கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. மாலை கட்டுபவர் ஒவ்வொருவரும் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' ஆகப் பதிய வேண்டும். அப்போதுதான் அந்தப் பேரைப் போட்டு விற்கவும், போலி வந்தால் வழக்குப் போடவும் அவருக்கு உரிமை. பதிவும் 10 ஆண்டுக்குத்தான், அப்புறம் புதுப்பிக்கணும். விடியுமுன் பூ வாங்கி, பகல் முழுக்க மாலை கட்டுகிறவர் இந்த விண்ணப்பத்துக்கு எப்போ அலைவது? தோவாளையிலேயே முகாம் போட்டு அதை முடித்துக் கொடுக்க அரசால் முடியும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.