அந்த பஸ் உத்தரவு

விடியற்காலையில் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர், வடமதுரை சாலைகளில் மில் பஸ்கள் வரிசையாகப் போகும். உள்ளே, மடியில் தூக்குச்சட்டியும் கண்ணில் பாதித் தூக்கமுமாகப் பெண்கள். அவர்களைப் பார்க்கும்போது இதே மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் நினைவு வருகிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது ஓர் உத்தரவு போட்டார்: ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்து. பஸ் முதலாளிகளின் மனசு மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

முற்போக்கு அரசியல் களைத்துப்போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் அவருடைய சொந்த மாவட்டத்தில் 2022இல் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், இந்த மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தத் துயரத்தை அஞ்சலிக் கூட்டத்தோடு முடியவிடவில்லை. ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனத்தைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தது. ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உலகம் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அழைக்கிறது. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லித் தடுக்கிறது. தையல் மெஷின்களுக்கு நடுவிலேயே, சங்கம் தேர்ந்தெடுத்த பெண் கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினால், திருந்தும்வரை வியாபாரத்தில் நடவடிக்கை எடுக்க வாங்குவோர் கட்டுப்பட்டவர்கள். அன்று உரிமம், இன்று ஆர்டர்.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலெல்லாம் உள் புகார்க் குழு வேண்டும் என்கிறது அது, சரிதான். ஆனால் அந்தக் குழுவை நியமிப்பவர் முதலாளி. சூப்பர்வைசர் மேல் புகார் சொல்ல வேண்டிய பெண், அதே நிர்வாகம் உட்காரவைத்தவர்கள் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். நாளைக்கு ஷிப்ட் கிடைக்குமா என்ற பயம் அவள் வாயை அடைத்துவிடும். கூடவே நிற்க ஒரு சங்கம் இருந்தால்தான் அந்த வாய் திறக்கும்.

ஒப்பந்தம் ஒரே ஒரு நிறுவனத்தின் ஆலைகளோடு நிற்கிறது. மற்ற ஆலைகளுக்குள் அதைக் கொண்டுபோவது அரசியலின் வேலை. சமூக நீதி பேசும் கூட்டணிக்குத் திண்டுக்கல் அள்ளிக் கொடுத்திருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் அந்தக் கூட்டணி சார்பில் மார்க்சிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தம் 4 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இதில் பெரும்பங்கு அந்த மில் பஸ்களில் போகிறவர்களின் வீட்டு ஓட்டு என்றே நாம் நம்புகிறோம்.

ஜவுளி ஆலைகளுக்கு அரசு மானியமும் வட்டிச் சலுகையும் தருகிறது. சங்கம் வைக்க விடாத, புகார் சொன்ன பெண்ணை வேலையைவிட்டு நிறுத்துகிற ஆலைக்கு அவை கிடையாது என்று ஒரே வரியில் உத்தரவு போடலாம். சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் இந்த மாவட்டத்து உறுப்பினர்களில் ஒருவராவது எழுந்து அதைக் கேட்க வேண்டும்.