நோய் தீர்ந்தது, கையின் நோவு தீர்ந்ததா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகி, சிகிச்சை முடித்து, மீண்டும் வேலைக்குத் திரும்பிய தாய்மார்கள் இன்று நம்மிடையே பலர் இருக்கிறார்கள். முன்னொரு காலத்தில் இந்த நோயின் பெயரைக் கேட்டதுமே குடும்பம் முழுவதும் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடும். இன்று நிலைமை வேறு. நம் நாட்டில் 2007 முதல் 2011 வரை இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்ந்தார்கள் எனச் சுகாதார அமைச்சின் கணக்குக் கூறுகிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் இந்த அளவு இன்னும் அதிகம். இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. மறுப்பார் யாருமில்லை.

ஆனால், உயிர் பிழைத்து வந்தவளைப் பார்த்து, “அதுதான் குணமாகிவிட்டதே, இனி என்ன குறை?” என்று கேட்கிறோமே, அங்கேதான் அநீதி தொடங்குகிறது. ஆஸ்பத்திரி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நிர்வாகம் அவளுக்குப் பழைய நிரையையே கொடுத்துவிட்டது. கிராணி செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே வேலை நாள் என்று எழுதிவிட்டார். அவள் கை மட்டும் பழைய கையாக இல்லை. இதை எழுதச் செக்ரோலில் கட்டம் கிடையாது.

கைக்கு என்ன நேருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். அறுவைச் சிகிச்சையின்போது மார்பகத்தோடு அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகளையும் டாக்டர்கள் எடுப்பதுண்டு. நோய் பரவும் வழி அதுவே. ஆனால் கையில் ஊறும் நீரை வடித்து எடுத்துச் செல்லும் வழியும் அதுவே. வாய்க்கால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவது போல, கையில் நீர் தேங்கி வீங்குகிறது. அக்குள் கட்டிகளை முழுவதும் எடுத்தவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்த வீக்கம் வருகிறது. ஓரிரு கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் புதிய முறையில் இருபது பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு அது குறைந்திருக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தெரியும். பல ஆண்டு கழித்து வருவதும் உண்டு. முற்றிய பின் முழுவதும் போக்குவது அரிது. ஆரம்பத்தில் கவனித்தால் அடக்கி வைக்கலாம்.

இனி நமது தொழிலை எண்ணிப் பாருங்கள். இருள் விலகுமுன் தீம்பாரில் இறங்கவேண்டும். உயர வெட்டும் மரத்துக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்கவேண்டும். ஒரே அசைவை நூற்றுக்கணக்கான மரங்களில் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். பால் நிறைந்த வாளியைச் சுமக்கவேண்டும். முள் கீறும், கொசு கடிக்கும், கத்தி படும், பாலை உறையவைக்கும் ஆசிட் தெறிக்கும். மற்றவர்களுக்கு இவை சிறு காயங்கள். நிணநீர் வடியாத கைக்கு ஒரு சிறு கீறலே போதும். கிருமி புகுந்து கை சிவந்து, காய்ச்சல் கண்டு, வீக்கம் இரட்டிப்பாகும்.

கையோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கேட்டு எழுதிய ஆய்வு வெளிவந்தது. நூற்றுக்கு 47 பேர் இன்னும் வலி இருப்பதாகக் கூறினார்கள். இது பாதிப் பேர் அல்லவா? தோள் இறுகிப் போதல், மார்பில் மரத்துப்போன உணர்ச்சி, இரவில் குத்தும் வலி என இது பல வகைப்படும்.

ஊசி மருந்துகளில் டாக்ஸேன் வகை மருந்துகள் விரல் நுனியையும் பாதத்தையும் மரத்துப்போகச் செய்யும். சிலருக்குச் சில மாதங்களில் மறையும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். கத்தியின் கூரையும் பட்டையின் ஆழத்தையும் விரலால் அறிபவள் வெட்டுக்காரி. விரல் மரத்தால் மரமும் காயப்படும், அவளும் காயப்படுவாள். பாதம் மரத்தால் மேட்டுக்காட்டில் வழுக்கி விழுவாள். டாக்ஸோருபிசின் என்னும் சிவப்பு மருந்து, ஏறிய அளவுக்கு ஏற்ப, சிலருடைய இருதயத்தைப் பலவீனப்படுத்துவதுண்டு. இடப்புற மார்பில் பாய்ச்சும் கதிர் இருதயத்தைத் தொட்டால் அதன் பலன் இருபது ஆண்டுகள் கழித்தும் தெரியலாம். சுரப்பிநீர் மாத்திரைகளை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உட்கொள்ளும்போது சிலருக்கு மூட்டுவலியும் எலும்புத் தேய்வும் உண்டாகின்றன. வேறு சிலருக்கு உடல் கொதிப்பும், அபூர்வமாக இரத்தக்கட்டும் உண்டாகின்றன. இளவயதுப் பெண்களுக்கு மாதவிலக்கு முன்னதாகவே நின்றுபோவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தூங்கினாலும் தீராத ஓர் அசதி. இதைச் “சோம்பல்” என்று பெயரிட்டு ஏசுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அலுவலகத்தில் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். கணக்கைக் கூட்டும்போது இடையில் மறந்துபோவது, தட்டச்சுப் பலகையில் விரல் தடுமாறுவது, பகலில் கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவற்றைச் சிகிச்சை முடித்த பலர் சொல்கிறார்கள். இவை கவனக்குறைவு அல்ல.

இதைப் படித்துவிட்டு, “இவ்வளவு தொல்லையா? அப்படியானால் ஆஸ்பத்திரிக்கே போகவேண்டாம், பச்சிலை போதும்” என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சிகிச்சையின் பின்விளைவோடு வாழலாம். சிகிச்சை பெறாத நோயோடு வாழ முடியாது. கட்டி தென்பட்டால் மறைக்காமல் அன்றே டாக்டரிடம் செல்லுங்கள். சீக்கிரம் கண்டால் வெட்டுவதும் குறைவு, மருந்தும் குறைவு, பின்விளைவும் குறைவு.

பின்விளைவுகள் தாமாகக் குறைந்துவிடவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்னும் டாக்டர் 1894ஆம் ஆண்டில் எழுதி வைத்த முறைப்படி, மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் கட்டிகளையும் சேர்த்தே எடுத்தார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு அதுவே வேதமாக இருந்தது. எத்தனையோ பெண்களின் கை வீங்கிப் பயனற்றுப் போயிற்று. “இவ்வளவு வெட்டத்தான் வேண்டுமா?” என்று பெர்னார்ட் ஃபிஷர் என்னும் டாக்டர் கேட்டு, 1971இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். அதிகம் வெட்டியதால் அதிகக் காலம் வாழவில்லை என்று நிரூபணமாயிற்று. கேள்வி கேட்டதால் விடிவு பிறந்தது. ஆஸ்பத்திரியில் நடந்தது வேலைத்தலத்திலும் நடக்கவேண்டும்.

வேலைத்தலத்தில் இன்று இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, திரும்பி வந்த நாளிலேயே முழு நிரையையும் சுமத்துவது. மற்றொன்று, “இனி உன்னால் முடியாது” என்று ஓரங்கட்டி அனுப்புவது. இரண்டுக்கும் ஆதாரமில்லை. 2009இல் அமெரிக்காவில் கைவீக்கம் கண்ட 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கண்காணிப்புடன், குறைந்த பளுவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பளு தூக்கியவர்களுக்கு வீக்கம் மிகவில்லை. மாறாகத் தொல்லை குறைந்து வலிமை கூடியது. ஆகவே “தூக்கவே கூடாது” என்பதும் சரியல்ல, “இன்றே முழுதும் தூக்கு” என்பதும் சரியல்ல. படிப்படியாக ஏற்றுவதே சரி.

சட்டம் என்ன தருகிறது? தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்துடன் நோய்விடுப்பு சேவைக்காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாட்கள். ஆஸ்பத்திரிச் சிகிச்சை தேவை எனச் சான்று பெற்றால் 60 நாட்கள். 2023 தொடக்கம் இவை இரண்டும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. ஆகவே சீட்டில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பதைக் கிராணிமார் கவனித்துப் பதியவேண்டும். ஒரு சொல் மாறினால் ஓர் ஏழையின் பல நாள் சம்பளம் போய்விடும்.

சொக்சோவின் இயலாமைத் திட்டமும் இருக்கிறது. ஆனால் குணமாகாத நோயால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாதவருக்கே அந்தப் பென்ஷன். பாதி நிரை வெட்டக்கூடியவள் என்ன செய்வாள்? பென்ஷனுக்கு அவள் நல்ல உடம்புக்காரி. தோட்டத்துக்கு அவள் நோயாளி. வெட்டிய அளவுக்குக் கூலி என்ற தொழிலில் இந்தச் சந்துக்குள் விழுபவள் பசியோடு விழுகிறாள். 2007 முதல் நடந்துவரும் சொக்சோவின் வேலைக்குத் திரும்பும் திட்டம் இத்தகையோருக்கு உதவக்கூடியது. அதைத் தேடிப் போய்க் கேட்கவேண்டும். தானாக வீட்டு வாசலுக்கு வராது.

நாம் கேட்கவேண்டியவை இவை:

சிகிச்சை முடித்துத் திரும்புவோருக்கு டாக்டர் சொல்லும் காலம் வரை குறைந்த நிரையும், கூலிக் குறைவுக்கு ஈடும் வேண்டும். உயர வெட்டும் மரமும் பால் சுமப்பதும் அவர்களுக்கு விலக்கப்படவேண்டும்.

நீள்கையுறையும், காயம் பட்டவுடன் கழுவ நீரும் மருந்தும் தீம்பாரிலேயே இருக்கவேண்டும்.

கை வீக்கத்துக்கு அணியும் இறுக்கமான துணியுறையின் செலவையும், உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போகும் நாளையும் வேலை ஒப்பந்தப் பேச்சில் ஒரு தனிக் கோரிக்கையாக வைக்கவேண்டும்.

கிளைக் கமிட்டியில் இந்த விவகாரத்தைக் கவனிக்க ஒரு பெண் உறுப்பினர் இருக்கவேண்டும். மார்பின் வடுவைப் பற்றி மண்டோரிடம் எந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள்?

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்தில் நிரையைக் குறைக்கக் கேட்டுவிட்டு, வீட்டில் துணி துவைப்பதையும் அரிசி மூட்டை தூக்குவதையும் அந்தக் கைக்கே விட்டால் நம் கோரிக்கைக்கு என்ன மதிப்பு?

சகோதரிகளே, மோதிரம் இறுகினாலும், சட்டைக் கை பிடித்தாலும், கை கனத்தாலும் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அதுவே வீக்கத்தின் முதல் அறிகுறி. மூச்சு வாங்கினாலும் கால் வீங்கினாலும் டாக்டரிடம் பழைய சிகிச்சையைச் சொல்லிக் காட்டுங்கள். கிளைச் செயலாளரிடமும் சொல்லுங்கள். சொல்லாத குறையைச் சங்கம் மேசைக்குக் கொண்டுபோக முடியாது.